சொந்த விபிஎன்: வயர்கார்டை நிறுவும் முறையும் அது காக்காத இடங்களும்

விபிஎன் செய்யும் வேலை ஒன்றே ஒன்றுதான். உங்கள் கருவிக்கும் ஒரு சர்வருக்கும் இடையிலான வழியைக் குறியாக்கம் செய்து மூடுகிறது. சர்வரைத் தாண்டியபின் உங்கள் போக்குவரத்து வழக்கம்போல் பொது இணையத்தில் போகிறது. முன்பு உங்கள் இணைய சேவை நிறுவனம் பார்க்க முடிந்ததை, இப்போது அந்தச் சர்வரை வாடகைக்கு விட்ட நிறுவனம் பார்க்க முடியும். நீங்கள் வைத்த நம்பிக்கை கைமாறுகிறது, அவ்வளவே. இதைப் புரிந்துகொண்டு தொடங்கினால் பின்னால் ஏமாற்றம் இருக்காது.

சொந்தமாக ஒன்றை நடத்த நல்ல காரணங்கள் மூன்று. பொது வைஃபையை நம்பாமல் பயன்படுத்துவது முதலாவது. வெளியூரில் இருந்தபடி வீட்டு நெட்வொர்க்கில் உள்ள கோப்புகளையும் கேமராவையும் அணுகுவது இரண்டாவது. எந்தெந்தத் தளங்களுக்குப் போகிறீர்கள் என்பதை இணைய சேவை நிறுவனத்திடம் காட்டாமல் இருப்பது மூன்றாவது. “நான் யார் என்பதே தெரியக் கூடாது” என்பது உங்கள் நோக்கமானால் சொந்த விபிஎன் தவறான கருவி. ஏன் என்று “எதை இது காக்காது” என்ற பகுதியில் விரிவாக இருக்கிறது. நிறுவும் வேலையில் இறங்கும் முன் அதைப் படித்துவிடுவது நல்லது.

சர்வரை எங்கே வைப்பது

முதல் இரண்டு நோக்கங்களுக்கு வீட்டில் ஒரு சிறிய கணினி, ராஸ்பெரி பை என்ற ஒற்றைப் பலகைக் கணினி, அல்லது நாம் நிறுவப்போகும் விபிஎன் மென்பொருளான வயர்கார்டை ஆதரிக்கும் ரூட்டர் போதும். ஆனால் உங்கள் வீட்டு இணைப்புக்குத் தனியான பொது ஐபி முகவரி இருக்க வேண்டும். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் தெரியும் வெளி முகவரியையும், “என் ஐபி என்ன” என்று காட்டும் தளம் சொல்லும் முகவரியையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்தால், குறிப்பாக ரூட்டரில் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரி இருந்தால், சேவை நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. அப்போது வெளியிலிருந்து ஐபிவி4 வழியாக உங்கள் வீட்டுக்கு எந்த பாக்கெட்டும் (தரவுத் துண்டும்) வந்து சேராது. ரூட்டரில் போர்ட் (உள்வரும் இணைப்புக்கான எண்ணிட்ட வாயில்) திறந்தும் பயனில்லை. பொது முகவரி கேட்டு வாங்க வேண்டும், அல்லது வாடகைச் சர்வருக்குப் போக வேண்டும். வீட்டுச் சர்வரின் வேகத்துக்கு வரம்பு உங்கள் பதிவேற்ற வேகம்தான் என்பதும் நினைவிருக்கட்டும். வெளியே இருந்து நீங்கள் பதிவிறக்கும் ஒவ்வொரு பைட்டும் வீட்டிலிருந்து பதிவேறித்தான் உங்களிடம் வருகிறது.

மூன்றாவது நோக்கத்துக்கு வாடகைச் சர்வர்தான் வேண்டும். மிகச் சிறியதே போதும்: ஒரு மையச் செயலி, 512 மெகாபைட் முதல் 1 கிகாபைட் வரை நினைவகம், டெபியன் அல்லது உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு. செயலியின் வேகத்தைவிட இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, மாத டேட்டா வரம்பு. விபிஎன் சர்வருக்குள் வரும் ஒவ்வொரு பைட்டும் மறுபடி வெளியே போகிறது. உள்வரவையும் வெளிச்செலவையும் சேர்த்துக் கணக்கிடும் நிறுவனமானால் வரம்பு இரட்டிப்பு வேகத்தில் கரையும். மற்றொன்று, அது கேவிஎம் போன்ற முழு மெய்நிகர் கணினியாக இருக்க வேண்டும். இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலைப் பலரோடு பகிரும் பழைய கன்டெய்னர் வகைச் சர்வர்களில் வயர்கார்ட் மாட்யூலை ஏற்ற முடியாமல் போகும்.

ஏன் வயர்கார்ட்? ஜேசன் டோனன்ஃபெல்ட் எழுதிய இது 2020 மார்ச்சில் வெளியான லினக்ஸ் கர்னல் 5.6 முதல் கர்னலுக்குள்ளேயே இருக்கிறது. கர்னல் பகுதியின் நிரல் ஏறத்தாழ 4,000 வரிகள்தான் என்பதால் தணிக்கை செய்வது எளிது. குறியாக்க முறைகளில் தேர்வே கிடையாது. சாவிப் பரிமாற்றத்துக்கு கர்வ்25519, தரவுக்கு சாசா20-பாலி1305, அவ்வளவுதான். தேர்வு இல்லாததால் தவறான தேர்வுக்கும் இடமில்லை. ஓபன்விபிஎன் இன்னும் நல்ல கருவிதான். டிசிபி என்ற தரவு அனுப்பும் முறை வழியாக மட்டுமே வெளியேற முடிகிற நெட்வொர்க்குகளில் அது உதவும். பிபிடிபி என்ற பழைய விபிஎன் முறையை எங்கே கண்டாலும் ஒதுக்குங்கள். அதன் கடவுச்சொல் சரிபார்ப்பு 2012-லேயே முழுமையாக உடைக்கப்பட்டுவிட்டது.

முதலில் சர்வரைப் பூட்டுங்கள்

கீழே கட்டளைகளையும் அமைப்புச் சொற்களையும் உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறோம். டெர்மினலில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்.

இணையத்தில் ஒரு சர்வர் தோன்றிய சில நிமிடங்களிலேயே தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் கதவைத் தானியங்கி நிரல்கள் தட்டத் தொடங்கிவிடும். எனவே விபிஎன்னுக்கு முன்பே மூன்று காரியங்களை முடியுங்கள். எஸ்எஸ்எச் சாவி வழியாக நுழைவதை அமையுங்கள், பிறகு கடவுச்சொல் நுழைவை அணையுங்கள். அணைத்தபின் இருக்கும் டெர்மினலை மூடாமல், இன்னொரு ஜன்னலில் புதிதாக நுழைய முடிகிறதா என்று பாருங்கள். பூட்டிய பிறகு சாவி உள்ளே மாட்டிக்கொண்டால் நிறுவனத்தின் வெப் கன்சோல் வழியாகத்தான் மீள வேண்டும். மூன்றாவதாக, “அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ்” தொகுப்பை நிறுவிப் பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக ஏறும்படி செய்யுங்கள். கர்னல் திருத்தம் அமலுக்கு வர ரீபூட் தேவை என்பதால் தானியங்கி ரீபூட்டுக்கு ஒரு பின்னிரவு நேரத்தையும் அங்கேயே குறித்துவிடலாம்.

ஒரே வரிக் கட்டளையில் எல்லாவற்றையும் நிறுவித்தரும் ஸ்கிரிப்டுகள் நிறையக் கிடைக்கின்றன. அவற்றை ரூட் (முழு நிர்வாக) அதிகாரத்தில் ஓட்டுவது, எழுதியவர் கையில் சர்வரையே கொடுப்பதற்குச் சமம். வரிவரியாகப் படித்துப் புரிந்தால் ஓட்டுங்கள். படிக்க எடுக்கும் நேரத்தில் கையாலேயே செய்துவிடலாம் என்பதுதான் எங்கள் கருத்து.

சாவிகள்

“ஆப்ட் இன்ஸ்டால் வயர்கார்ட்” என்று நிறுவுங்கள். பிறகு “யுமாஸ்க் 077” கொடுங்கள். இனி உருவாகும் கோப்புகளை உங்களைத் தவிர யாரும் படிக்க முடியாது. “டபிள்யூஜி ஜென்கீ” தனிச்சாவியைத் தரும். அதை “டபிள்யூஜி பப்கீ” கட்டளைக்கு உள்ளீடாகக் கொடுத்தால் பொதுச்சாவி கிடைக்கும். இரண்டும் 44 எழுத்து நீளமுள்ளவை, சமக்குறியில் முடிபவை. நகலெடுக்கும்போது அந்தச் சமக்குறி விட்டுப்போவது மிகச் சாதாரணமான பிழை.

ஒவ்வொரு கருவிக்கும் தனி ஜோடி வேண்டும். போனுக்கும் லேப்டாப்புக்கும் ஒரே சாவியைப் போட்டால் இரண்டையும் சர்வர் ஒரே கருவியாகவே பார்க்கும். கடைசியாகப் பேசிய முகவரிக்கே பதில் அனுப்பும். போனில் இணையம் வந்தால் லேப்டாப்பில் நிற்கும், லேப்டாப்பில் வந்தால் போனில் நிற்கும். தனிச்சாவியை அந்தந்தக் கருவியிலேயே உருவாக்கி, பொதுச்சாவியை மட்டும் சர்வருக்கு அனுப்புவதுதான் சரியான முறை. வயர்கார்ட் ஆப் எல்லாவற்றிலும் இந்த வசதி உண்டு. சர்வரில் உருவாக்கி கியூஆர் குறியாகக் காட்டி போனில் ஸ்கேன் செய்வது சுலபம்தான். ஆனால் அந்தக் குறியின் ஸ்கிரீன்ஷாட் உங்கள் தனிச்சாவியேதான், அதை எந்தச் சாட்டிலும் அனுப்பாதீர்கள்.

சர்வர் பக்கக் கோப்பு

உள் நெட்வொர்க்குக்கு ஒரு முகவரி வரிசையைத் தேர்ந்தெடுங்கள். 192.168.0 அல்லது 192.168.1 வேண்டாம். பெரும்பாலான ரூட்டர்கள் அவற்றையே பயன்படுத்துவதால், நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்து வைஃபையோடு மோதும். இங்கே 10.77.0.0/24, அதாவது 10.77.0 என்று தொடங்கும் முகவரிகள் எல்லாம், என்று வைத்துக்கொள்வோம். இடிசி கோப்புறைக்குள் வயர்கார்ட் கோப்புறையில் “டபிள்யூஜி0.கான்ஃப்” என்ற கோப்பில் இப்படி எழுதுங்கள் (இன்டர்ஃபேஸ் என்பது நெட்வொர்க் இணைப்பு முனை, பியர் என்பது மறுமுனையில் உள்ள கருவி):

[இன்டர்ஃபேஸ்]
அட்ரஸ் = 10.77.0.1/24
லிசன்போர்ட் = 51820
பிரைவேட்கீ = (சர்வரின் தனிச்சாவி)

[பியர்]
பப்ளிக்கீ = (லேப்டாப்பின் பொதுச்சாவி)
அலவுட்ஐபிஸ் = 10.77.0.2/32

[பியர்]
பப்ளிக்கீ = (போனின் பொதுச்சாவி)
அலவுட்ஐபிஸ் = 10.77.0.3/32

இதில் அலவுட்ஐபிஸ் வரிதான் பலரைக் குழப்புகிறது. அதற்கு இரண்டு வேலைகள். வெளியே போகும் பாக்கெட்டை எந்தக் கருவிக்கு அனுப்புவது என்பதை அது தீர்மானிக்கிறது. உள்ளே வரும் பாக்கெட், அந்தச் சாவிக்கு உரிய முகவரியிலிருந்துதான் வந்ததா என்றும் சரிபார்க்கிறது. அதனால்தான் சர்வர் பக்கத்தில் ஒவ்வொரு கருவிக்கும் /32, அதாவது ஒரே ஒரு முகவரி. ஒரே முகவரியை இரண்டு கருவிகளுக்குக் கொடுத்தால் எச்சரிக்கை எதுவும் வராது. பின்னால் எழுதியது முன்னதிடமிருந்து முகவரியைப் பறித்துக்கொள்ளும், முதல் கருவி சத்தமில்லாமல் செத்துப்போகும். தவறுதலாக இங்கே 0.0.0.0/0 (எல்லா முகவரிகளும்) என்று எழுதிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். சர்வரின் மொத்தப் போக்குவரத்தும் உங்கள் போனை நோக்கித் திரும்பி, எஸ்எஸ்எச் அந்தக் கணமே அறுந்துவிடும்.

பழைய குறிப்புகளில் “சேவ்கான்ஃபிக் = ட்ரூ” என்ற வரியைப் பார்ப்பீர்கள். சேர்க்காதீர்கள். அது இருந்தால், சுரங்கம் (கருவிக்கும் சர்வருக்கும் இடையிலான குறியாக்க வழி) இறங்கும்போது நினைவகத்தில் இருக்கும் நிலையைக் கோப்பின் மேல் எழுதிவிடும். இடையில் நீங்கள் கையால் செய்த திருத்தங்கள் காணாமல் போகும்.

பாக்கெட்டுகளைக் கடத்துவது

இயல்பாக லினக்ஸ் ஒரு இன்டர்ஃபேஸில் வந்த பாக்கெட்டை இன்னொன்றுக்குக் கடத்தாது. இடிசி கோப்புறைக்குள் சிஸ்சிடிஎல்.டி கோப்புறையில் ஒரு கோப்பில் “நெட்.ஐபிவி4.ஐபி_ஃபார்வர்ட் = 1” என்று எழுதி “சிஸ்சிடிஎல் --சிஸ்டம்” ஓட்டுங்கள். கட்டளையாக மட்டும் கொடுத்தால் அடுத்த ரீபூட்டில் போய்விடும்.

அடுத்தது நாட் என்ற முகவரி மாற்றம். 10.77.0 என்ற முகவரிகளுக்கு வெளி உலகில் அர்த்தம் கிடையாது. சர்வர் தன் சொந்த முகவரியை அவற்றின் மேல் ஒட்டி அனுப்ப வேண்டும். இன்டர்ஃபேஸ் பகுதியில் “போஸ்ட்அப்” வரியில் லினக்ஸின் பாக்கெட் விதிக் கருவியான ஐபிடேபிள்ஸின் மாஸ்கரேட் விதியைச் சேர்த்து, “போஸ்ட்டவுன்” வரியில் அதையே நீக்குங்கள். இங்கே வெளி இன்டர்ஃபேஸின் பெயரைக் குறிப்புகளில் இருந்தபடியே இடுவதுதான் வழக்கமான தவறு. இத்0 என்று குறிப்பில் இருக்கும், உங்கள் சர்வரில் அது இஎன்எஸ்3 ஆக இருக்கலாம். “ஐபி ரூட்” கட்டளையில் “டிஃபால்ட்” என்று தொடங்கும் வரியின் “டெவ்” சொல்லுக்கு அடுத்துள்ள பெயர்தான் சரியானது.

ஃபயர்வாலில் யுடிபி என்ற அனுப்பும் முறைக்கு 51820 போர்ட்டைத் திறங்கள். டிசிபி தேவையில்லை, வயர்கார்ட் யுடிபியில் மட்டுமே பேசும். யுஎஃப்டபிள்யூ என்ற எளிய ஃபயர்வால் கருவியைப் பயன்படுத்தினால் முதலில் எஸ்எஸ்எச்சை அனுமதித்துவிட்டு அதன்பின் இயக்குங்கள். ஒரு இன்டர்ஃபேஸிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்தப்படும் பாக்கெட்டுகளை அது இயல்பாக மறுக்கும் என்பதால் டபிள்யூஜி0-விலிருந்து வெளி இன்டர்ஃபேஸுக்கு “ரூட் அலவ்” விதி ஒன்றும் வேண்டும். பல வாடகை நிறுவனங்கள் சர்வருக்கு வெளியே தம் சொந்தக் கட்டுப்பாட்டுப் பலகையில் இன்னொரு ஃபயர்வாலை வைத்திருக்கின்றன. அங்கேயும் திறக்க வேண்டும். சர்வருக்குள் எல்லாம் சரியாக இருந்தும் எதுவும் வராவிட்டால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அந்தப் பலகை.

“டபிள்யூஜி-குவிக் அப் டபிள்யூஜி0” கொடுத்து ஏற்றிப் பாருங்கள். சரியாக இருந்தால் இறக்கிவிட்டு, லினக்ஸில் சேவைகளை இயக்கும் சிஸ்டம்டி வழியாக ஒவ்வொரு ரீபூட்டிலும் தானாக எழும்படி இயக்குங்கள்.

கருவி பக்கக் கோப்பு

[இன்டர்ஃபேஸ்]
அட்ரஸ் = 10.77.0.2/32
பிரைவேட்கீ = (லேப்டாப்பின் தனிச்சாவி)
டிஎன்எஸ் = 9.9.9.9

[பியர்]
பப்ளிக்கீ = (சர்வரின் பொதுச்சாவி)
எண்ட்பாயின்ட் = 203.0.113.10:51820
அலவுட்ஐபிஸ் = 0.0.0.0/0, ::/0
பெர்சிஸ்டன்ட்கீப்அலைவ் = 25

எண்ட்பாயின்ட்டில் உள்ள முகவரி உதாரணத்துக்காக ஒதுக்கப்பட்டது, அங்கே உங்கள் சர்வரின் முகவரியைப் போடுங்கள். அலவுட்ஐபிஸ் இங்கே “எல்லாவற்றையும் சுரங்கத்தில் அனுப்பு” என்கிறது. வீட்டு நெட்வொர்க்கை மட்டும் அணுக நினைப்பவர் 10.77.0.0/24-ஐயும் வீட்டு வரிசையையும் மட்டும் எழுதினால், மற்றவை நேரடியாகப் போகும்.

ஐபிவி6 என்ற புதிய முகவரி முறையின் எல்லா முகவரிகளையும் குறிக்கும் ::/0 என்ற துண்டை யாரும் விட்டுவிடக் கூடாது. அதை விட்டால் ஐபிவி4 சுரங்கத்தில் போகும், ஐபிவி6 நேராக வெளியே ஓடும். பல தளங்கள் ஐபிவி6-ஐயே விரும்புவதால், விபிஎன் இயங்கும்போதே உங்கள் உண்மை முகவரி அவர்களுக்குத் தெரியும். சர்வரில் ஐபிவி6 இல்லாவிட்டாலும் ::/0 இருக்கட்டும். அந்தப் பாக்கெட்டுகள் சுரங்கத்துக்குள் போய் விழுந்துவிடும், பிரௌசர் ஐபிவி4-க்குத் திரும்பும்.

தளத்தின் பெயருக்கு ஐபி முகவரியைத் தேடித்தரும் டிஎன்எஸ் சர்வரைக் குறிக்கும் வரியும் அதே அளவு முக்கியம். அது இல்லாவிட்டால் தளங்களின் பெயர்களைக் கருவி பழைய இடத்திலேயே, பெரும்பாலும் சேவை நிறுவனத்திடமே, கேட்கலாம். லினக்ஸ் லேப்டாப்பில் “ரிசால்வ்கான்ஃப் கமாண்ட் நாட் ஃபவுண்ட்” என்று பிழை வந்தால் ஓபன்ரிசால்வ் தொகுப்பை நிறுவுங்கள். பொது டிஎன்எஸ் வேண்டாம் என்பவர் சர்வரிலேயே அன்பவுண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருளை நிறுவி 10.77.0.1 என்று போடலாம். ஆனால் அது சுரங்கத்தின் முகவரியில் மட்டுமே கேட்க வேண்டும். உலகம் முழுவதற்கும் பதில் சொல்லும் டிஎன்எஸ் சர்வரை, பிறரைத் தாக்கும் போக்குவரத்தைப் பெருக்கப் பயன்படுத்துவார்கள்.

கீப்அலைவ் 25 என்பது 25 விநாடிக்கு ஒரு சிறு பாக்கெட். இடையில் உள்ள ரூட்டர்கள் சும்மா இருக்கும் யுடிபி இணைப்பை விரைவில் மறந்துவிடும், அதைத் தடுக்கத்தான் இது. வெளியிலிருந்து தொடர்புகொள்ள வேண்டிய வீட்டுக் கணினிக்கு இது அவசியம். போனுக்குத் தேவையில்லை. போனே எப்போதும் முதலில் பேசுகிறது, வரியை நீக்கினால் பேட்டரியும் மிச்சம்.

ஓடவில்லை என்றால்

வயர்கார்ட் பிழைச்செய்தி சொல்லாது. சாவி பொருந்தாத பாக்கெட்டுக்குச் சர்வர் பதிலே அனுப்பாது. வேவு பார்க்கும் நிரல்களுக்குப் போர்ட் இருப்பதே தெரியக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே அப்படி வடிவமைத்தார்கள். ஆப்பில் “ஆக்டிவ்” என்று காட்டுவதால் இணைந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. சர்வரில் “டபிள்யூஜி ஷோ” கொடுத்து “லேட்டஸ்ட் ஹேண்ட்ஷேக்” வரியை, அதாவது இரு முனைகளும் கடைசியாகச் சாவியைச் சரிபார்த்து இணைந்த நேரத்தைப் பாருங்கள். போக்குவரத்து இருக்கும்போது சுமார் 2 நிமிடத்துக்கு ஒருமுறை அது புதுப்பிக்கப்படும்.

அந்த வரியே இல்லை என்றால் வந்துபோகும் பாக்கெட்டுகளைத் திரையில் காட்டும் டிசிபிடம்ப்பைச் சர்வரில் யுடிபி 51820-க்கு ஓட்டிவிட்டு, போனில் சுரங்கத்தை அணைத்துப் போடுங்கள். திரையில் எதுவும் வராவிட்டால் பாக்கெட் வந்து சேரவில்லை. கட்டுப்பாட்டுப் பலகை ஃபயர்வால், தவறான முகவரி, அல்லது யுடிபியைத் தடுக்கும் வைஃபை காரணம். 148 நீளமுள்ள பாக்கெட்டுகள் 5 விநாடிக்கு ஒன்றாக வந்துகொண்டே இருந்து, சர்வரிலிருந்து பதில் எதுவும் போகவில்லை என்றால் சாவி பொருந்தவில்லை. பொதுவாகச் சர்வரின் பொதுச்சாவிக்குப் பதில் சொந்தப் பொதுச்சாவியையே போனில் ஒட்டியிருப்பார்கள். சர்வரிலிருந்து 92 நீளமுள்ள பதில் போயும் இணையவில்லை என்றால் திரும்பும் வழியில் தடை.

சாவியும் ஃபயர்வாலும் சரி, நேற்றுவரை ஓடியது, இன்று ஓடவில்லை என்றால் கருவியின் கடிகாரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு ஹேண்ட்ஷேக்கிலும் நேரமுத்திரை உண்டு. முன்பு பார்த்ததைவிடப் பிந்திய நேரம் இருந்தால்தான் சர்வர் ஏற்கும். பழைய பாக்கெட்டைப் பதிவுசெய்து மறுபடி அனுப்பும் தாக்குதலைத் தடுக்க இந்த ஏற்பாடு. தனிக் கடிகாரச் சில்லு இல்லாத ராஸ்பெரி பை மின்தடைக்குப் பின் பழைய தேதியோடு எழும், இணையத்திலிருந்து நேரம் சரிசெய்யப்படும்வரை சர்வர் அதை மதிக்காது. நேரம் வாங்கவே சுரங்கம் வேண்டும் என்று அமைத்திருந்தால் நிரந்தரமாக மாட்டிக்கொள்ளும்.

ஹேண்ட்ஷேக் இருக்கிறது, இணையம் இல்லை. இப்போது படிப்படியாக பிங் செய்யுங்கள். 10.77.0.1 பதில் சொல்லவில்லை என்றால் அலவுட்ஐபிஸ் தவறு. அது சொல்கிறது, பொது இணையத்தில் உள்ள 1.1.1.1 சொல்லவில்லை என்றால் ஃபார்வர்டோ நாட்டோ இல்லை. இரண்டும் சொல்கின்றன, தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ்.

சிறிய பக்கங்கள் திறந்து, பெரியவை பாதியில் நின்றால் காரணம் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு. சாதாரண ஈதர்நெட் பாக்கெட் 1500 பைட். வயர்கார்ட் உறை ஐபிவி6 மீது அதிகபட்சம் 80 பைட் எடுக்கும் என்பதால் இயல்பு மதிப்பு 1420. சில பிராட்பேண்ட் சேவைகள் பயன்படுத்தும் பிபிபிஓஇ இணைப்பில் அடிப்படையே 1492 என்பதால் 1412 வேண்டும். சில மொபைல் நெட்வொர்க்குகளில் இன்னும் குறைவு. கருவியின் இன்டர்ஃபேஸ் பகுதியில் “எம்டியு = 1280” என்று போட்டுப் பாருங்கள். சரியாகிவிட்டால் மெல்ல ஏற்றலாம். 1280-க்குக் கீழே இறக்காதீர்கள், ஐபிவி6-க்கு அதுதான் குறைந்தபட்சம்.

வீட்டுச் சர்வருக்கு டைனமிக் டிஎன்எஸ் பெயர் (மாறும் முகவரியைப் பின்தொடரும் பெயர்) வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. எண்ட்பாயின்ட்டில் உள்ள பெயரைச் சுரங்கம் ஏறும்போது ஒருமுறைதான் வயர்கார்ட் முகவரியாக மாற்றும். வீட்டு முகவரி இடையில் மாறினால் கருவி பழைய முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். அணைத்துப் போட்டால் சரியாகும்.

கசிவைச் சோதிப்பது

ஐபி காட்டும் தளத்தில் ஐபிவி4, ஐபிவி6 இரண்டையும் பாருங்கள். டிஎன்எஸ் கசிவுச் சோதனையும், பிரௌசரின் காணொளி அழைப்பு வசதியான வெப்ஆர்டிசியின் சோதனையும் செய்யுங்கள். பலரும் செய்யாத சோதனை ஒன்று உண்டு: கருவியை ரீபூட் செய்து, சுரங்கம் எழும் முன்பு என்ன வெளியே போகிறது என்று ரூட்டரில் பார்ப்பது. சர்வர் விழுந்தால் வயர்கார்டில் பெரும்பாலும் கசிவு வராது. பாக்கெட்டுகள் சுரங்கத்துக்குள்ளேயே அடங்கிவிடும். இன்டர்ஃபேஸே இல்லாத நேரத்தில்தான் கசியும்.

ஆண்ட்ராய்டில் “ஆல்வேஸ்-ஆன் விபிஎன்”, “விபிஎன் இல்லாத இணைப்புகளைத் தடு” இரண்டையும் இயக்குங்கள். அப்போதும் இணைய இணைப்பு இருக்கிறதா என்று ஆண்ட்ராய்டு தானே பார்க்கும் சில பாக்கெட்டுகள் வெளியே போகும். விண்டோஸ் ஆப்பில் சுரங்கத்துக்கு வெளியிலான போக்குவரத்தைத் தடுக்கும் தேர்வு உண்டு. அலவுட்ஐபிஸில் 0.0.0.0/0 என்று முழுமையாக எழுதினால்தான் அது வேலை செய்யும், 0.0.0.0/1, 128.0.0.0/1 என்று இரண்டாகப் பிரித்தால் செய்யாது. ஐபோனில், சுரங்கம் ஏறும் முன் திறந்திருந்த சில இணைப்புகள் வெளியிலேயே தொடர்வதுண்டு.

2024 மே மாதம் வெளியான டனல்விஷன் தாக்குதலையும் அறிந்திருக்க வேண்டும். வைஃபையை நடத்துபவர், கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபி முறையின் 121-ஆம் விருப்பத் தேர்வு (ஆப்ஷன்) வழியாக உங்கள் கருவிக்குத் தனி ரூட்டுகளைக் கொடுத்து, போக்குவரத்தைச் சுரங்கத்துக்கு வெளியே இழுக்கலாம். குறியாக்கம் உடைவதில்லை. பாக்கெட் சுரங்கத்துக்குள் நுழைவதே இல்லை. அந்தத் தேர்வையே ஆதரிக்காததால் ஆண்ட்ராய்டு தப்பிக்கிறது. மற்றவற்றில், சர்வரின் முகவரியைத் தவிர வேறெங்கும் வைஃபை வழியாகப் போகக் கூடாது என்ற ஃபயர்வால் விதிதான் காப்பு. சந்தேகமான இடத்தில் போனின் ஹாட்ஸ்பாட்டைப் பயன்படுத்துவது இன்னும் எளிது.

விடுதி, விமான நிலைய வைஃபைகளில் முதலில் வரும் உள்நுழைவுப் பக்கம் இந்தத் தடுப்புகளால் திறக்காது. அந்தப் பக்கத்தை முடிக்கும்வரை தடுப்பை அணைத்துவிட்டு, முடிந்ததும் மறக்காமல் போடுங்கள்.

எதை இது காக்காது

சொந்த சர்வரின் மிகப் பெரிய பலவீனம் அதில் நீங்கள் மட்டும் இருப்பது. வணிக விபிஎன்னில் ஒரே முகவரியிலிருந்து நூற்றுக்கணக்கானவர்கள் வெளியேறுவதால் ஒருவரைப் பிரித்தெடுப்பது சிரமம். அதற்கு விலை, அந்த நிறுவனத்தை முழுதாக நம்புவது. பதிவுகள் வைப்பதில்லை என்ற அவர்களின் வாக்கை வெளியிலிருந்து உங்களால் சோதிக்க முடியாது. உங்கள் சர்வரிலோ மாதக்கணக்கில் மாறாத ஒரே முகவரி, அதன் பின்னால் ஒரே ஆள். அடிக்கடி மாறும் வீட்டு முகவரியை அல்லது பலர் பகிரும் மொபைல் முகவரியைவிட, விளம்பர நிறுவனங்களுக்கு இது துல்லியமான அடையாளம். வாடகைக் கணக்கில் உங்கள் பெயரும் பணம் செலுத்திய விவரமும் இருக்கின்றன. இரண்டையும் இணைக்க ஒரு சட்டபூர்வக் கடிதம் போதும். அடையாளம் மறைவதுதான் தேவை என்றால் டோர் பிரௌசரைப் பாருங்கள். அதில் மூன்று கணுக்கள் வழியாகப் போவதால் நீங்கள் யார், எங்கே போகிறீர்கள் என்ற இரண்டையும் ஒரே கணு அறிவதில்லை.

வாடகை நிறுவனத்தால் எவ்வளவு பார்க்க முடியும்? வெளியேறும் போக்குவரத்தின் முகவரிகள், நேரம், அளவு எல்லாம். மெய்நிகர் கணினி என்பதால் அதன் வட்டையும் நினைவகத்தையும் நகலெடுக்கவும் முடியும், சாவிகள் அங்கேதான் இருக்கின்றன. சர்வரின் நினைவகத்தில் ஒவ்வொரு கருவியும் கடைசியாக எந்த முகவரியிலிருந்து வந்தது என்பதும் இருக்கும். “டபிள்யூஜி ஷோ” காட்டும் எண்ட்பாயின்ட் அதுவே.

தளங்களின் உள்ளடக்கத்தை எச்டிடிபிஎஸ் ஏற்கெனவே காக்கிறது. கடவுச்சொல்லையும் வங்கி விவரத்தையும் பாதுகாக்க விபிஎன் வேண்டும் என்று சொல்லும் விளம்பரங்கள் இதை மறைக்கின்றன. விபிஎன் கூடுதலாக மறைப்பது தளத்தின் பெயரை: டிஎன்எஸ் கேள்வியிலும், எச்டிடிபிஎஸ் தொடக்கத்தில் வெளிப்படையாகப் போகும் பெயரிலும் விபிஎன் இல்லாவிட்டால் அது தெரியும். அதற்குமேல் நீங்கள் ஒரு கணக்கில் உள்நுழைந்த அந்தக் கணமே அந்தத் தளத்துக்கு நீங்கள் யார் என்று தெரியும். குக்கீயும், திரை அளவு, எழுத்துரு போன்றவற்றால் அமையும் பிரௌசர் கைரேகையும் முகவரி மாறினாலும் மாறுவதில்லை. போனின் ஜிபிஎஸ் சுரங்கத்தைப் பற்றிக் கவலைப்படாது. தீய ஆப்பும் போலித் தளமும் சுரங்கத்தின் வழியே சௌகரியமாக வரும். அலுவலகம் கொடுத்த லேப்டாப்பில், அதை நிர்வகிப்பவர் குறியாக்கத்துக்கு முன்பே பார்க்க முடியும்.

சேவை நிறுவனத்திடமிருந்து விபிஎன்னை மறைக்கவும் வயர்கார்ட் முயல்வதில்லை. அந்த 148, 92 நீளங்களும் மாறாத தலைப்பு வடிவமும் ஆய்வுக் கருவிகளுக்கு உடனே அடையாளம் காட்டும். போர்ட்டை யுடிபி 443-க்கு மாற்றினால் எளிய தடைகளைத் தாண்டலாம், பாக்கெட்டின் உள்ளே பார்க்கும் தடைகளைத் தாண்ட முடியாது. சில நாடுகளில் விபிஎன் பயன்பாட்டுக்கே சட்டக் கட்டுப்பாடு உண்டு. பயணத்துக்கு முன் அந்த நாட்டின் விதியைப் பாருங்கள்.

தினசரித் தொல்லைகளும் இருக்கும். தரவு மையத்து முகவரி என்பதால் கேப்ட்சா அதிகம் வரும், காணொளிச் சேவைகள் மறுக்கும், வங்கித் தளம் சந்தேகப்படும். அந்த முகவரியை முன்பு வைத்திருந்தவர் செய்த வேலைக்கும் நீங்கள் பதில் சொல்ல நேரும். முதல் நாளே சில முக்கியத் தளங்களைத் திறந்து பார்த்து, மறுக்கப்பட்டால் சர்வரை அழித்துப் புது முகவரி வாங்குவது பின்னால் அவதிப்படுவதைவிட நல்லது.

பராமரிப்பு

போன் தொலைந்தால் சர்வர் கோப்பில் அதன் பியர் பகுதியை நீக்குங்கள். பிறகு “டபிள்யூஜி-குவிக் ஸ்ட்ரிப்” வெளியீட்டை “டபிள்யூஜி சின்க்கான்ஃப்” கட்டளைக்குக் கொடுத்தால் மற்றக் கருவிகளின் இணைப்பு அறுபடாமல் மாற்றம் அமலாகும். கோப்பை மட்டும் திருத்திவிட்டு நிறுத்தினால், அடுத்த ரீபூட் வரை தொலைந்த போன் உள்ளே வந்துகொண்டே இருக்கும். அமைப்புக் கோப்பின் பேக்கப் எடுத்தால் குறியாக்கம் செய்து வையுங்கள், அதற்குள் தனிச்சாவி இருக்கிறது.

சர்வரை விட்டுவிடும் நாளில் முதலில் எல்லாக் கருவிகளிலிருந்தும் சுரங்கத்தை நீக்குங்கள். இல்லாவிட்டால் ஆல்வேஸ்-ஆன் போட்ட போன் அந்தப் பழைய முகவரியைத் தட்டிக்கொண்டே இருக்கும், இணையமும் வராது. அடுத்து சர்வரில் உள்ள சாவிக் கோப்புகளை அழித்து, வாடகைக் கணக்கில் சேமித்த ஸ்னாப்ஷாட்டுகளையும் (சர்வரின் முழு நகல்களையும்) நீக்குங்கள். முகவரி வேறொருவருக்குப் போகும். உங்கள் சாவி இல்லாமல் அவரால் எதையும் திறக்க முடியாது. புதிய சர்வர் எடுக்கும்போது பழைய சாவிகளை மறுபடி பயன்படுத்தாமல் எல்லாவற்றையும் புதிதாக உருவாக்குங்கள்.